சின்னத் தீவு, தனி ஆள்: அடிக்கடி நடக்கும் தவறுகள்

வரைபடத்தில் ஒரு புள்ளி. ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு வண்டியில் அரை மணி நேரம். இதற்குப் போய் என்ன பெரிய திட்டம் என்றுதான் பலரும் கிளம்புகிறார்கள். வெப்பமண்டலத் தீவுக்குத் தனியாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த நினைப்பிலிருந்து பிறப்பவைதான். தீவு சின்னது என்றால் அங்கே பலதும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒரு படகுத்துறை, ஒரு மருத்துவர், ஒரு ஏடிஎம், சில இடங்களில் ஒரே ஒரு சாலை. அதில் ஏதாவது நின்றுபோனால் மாற்று கிடையாது. போகிற நீங்களும் ஒரே ஆள். முதுகு சிவந்துவிட்டது என்று சொல்லவும், "இன்றைக்குக் கடல் சரியில்லை, வேண்டாம்" என்று கையைப் பிடித்து நிறுத்தவும் பக்கத்தில் யாரும் இல்லை.

பயப்பட வேண்டியதில்லை. தனியாகப் போவதற்கு இதைவிட நல்ல இடம் குறைவு என்பதே என் எண்ணம். ஆனால் நகரத்தில் பழகிய கணக்கு அங்கே செல்லாது.

படகையும் விமானத்தையும் ஒரே நாளில் வைப்பது

காலை எட்டு மணிக்குப் படகு, மாலை ஐந்து மணிக்கு விமானம். காகிதத்தில் பார்த்தால் தாராளமாக நேரம் இருக்கிறது. காற்று பலமாக வீசுகிறது என்று துறையில் கொடி ஏற்றிவிட்டால் அந்தக் கணக்கு அங்கேயே முடிந்தது. சிறு படகுகளை நிறுத்துவது பெரும்பாலும் மழை அல்ல, காற்றும் அலையும்தான். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், படகு மட்டும் ஓடாது. அதனால் விமானத்துக்கு முந்தின இரவைப் பெருநிலப் பக்கம் கழியுங்கள். ஐந்து நாள் விடுப்பு என்றால் தீவுக்கு நான்குதான் என்று முதலிலேயே மனதைத் தேற்றிக்கொள்வது நல்லது.

எந்த நேரத்துப் படகு என்பதையும் யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. பகல் ஏற ஏற நிலம் சூடாகி, கடலிலிருந்து காற்று வீசத் தொடங்கும். பிற்பகலில் அலை கூடும். வயிறு புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் காலைப் படகில் போவது உத்தமம். குமட்டல் மாத்திரையைப் புறப்படும் முன்பே போட்டுவிட வேண்டும், ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோசனம் குறைவு. ஆட்டம் அதிகமாகத் தெரிவது படகின் முன்பக்கம். நடுவிலிருந்து பின்பக்கமாக உட்காருங்கள். படம் எடுக்க முன்பக்கம்தான் நன்றாக இருக்கும், அது வேறு விஷயம்.

பக்கத்துத் தீவுக்கு ஒருநாள் போய்வருகிறவர்கள் கடைசிப் படகைத் தவறவிடுவது இன்னொன்று. இணையத்தில் போட்டிருக்கும் நேரம் போன பருவத்து நேரமாக இருக்கலாம். இறங்கியதும் துறையில் இருப்பவரிடமே "இன்றைக்குக் கடைசிப் படகு எப்போது?" என்று கேட்டுவிட்டு நகருங்கள்.

சக்கரம் வைத்த பெரிய பெட்டியும் வேண்டாம். பல தீவுகளில் துறை மேடையே கிடையாது, முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். இந்தோனேசியாவின் கிலித் தீவுகள் போன்ற இடங்களில் மோட்டார் வண்டிகளுக்கே தடை; மணல் பாதையில் அந்தப் பெட்டியை நீங்கள்தான் சுமப்பீர்கள். முதுகுப் பை, உள்ளே தண்ணீர் புகாத ஒரு சிறு பை, அதில் கடவுச்சீட்டும் பணமும் மருந்தும். போதும்.

பருவத்தை நாட்டை வைத்துப் பார்ப்பது

"அந்த நாட்டுக்கு டிசம்பரில் போகலாம்" என்று படித்துவிட்டுப் பயணச்சீட்டு எடுப்பது ஆபத்து. தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள புகெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழை. அதே நாட்டின் கிழக்குப் பக்கம் இருக்கும் சாமுய் தீவிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் நல்ல மழை. மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவுகளில் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், தோராயமாக நவம்பர் முதல் பிப்ரவரி வரை, விடுதிகள் பெரும்பாலும் மூடியே இருக்கும். ஆகவே நாட்டை விடுங்கள், அந்தத் தீவு எந்தக் கரையைப் பார்த்து இருக்கிறது என்று பாருங்கள்.

தீவுக்குள்ளேயும் இதே கதைதான். காற்று வந்து மோதும் பக்கம் அலையடிக்கும்போது மறைவுப் பக்கம் குளம்போலக் கிடக்கும். வந்த அன்றைக்கே எந்தப் பக்கம் அமைதி என்று விசாரித்துக்கொண்டால் வீணாக அலைய வேண்டியதில்லை.

கடலைத் தெரிந்ததாக நினைப்பது

உயிருக்கு ஆபத்தான தவறுகள் இங்கேதான் இருக்கின்றன. கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் இறங்கும்போது சில தீவுகளில் மணல்திட்டு வெளிப்படும்; எதிரே தெரியும் குட்டித் தீவுக்கு நடந்தே போய்விடலாம். போகிறவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். தண்ணீர் ஒரே சீராக ஏறுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. அடிமட்டத்திலிருந்து மேல்மட்டத்துக்கு ஏற ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும் இடங்களில், முதல் ஒரு மணி நேரத்தில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும். மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் பாதி ஏறிவிடும். முதலில் மெதுவாக வருகிறதே என்று நம்பினால் நடுவில் பாதை காணாமல் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். நேற்று பத்து மணிக்குத் தண்ணீர் வற்றியிருந்தது என்பதால் இன்றும் பத்துக்கு வற்றாது. நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு நாளில் ஒரே ஒரு ஏற்றம் மட்டும் வரும் கடல்களும் உண்டு. அந்த ஊர் மீனவரிடம் கேட்டால் வாய்க்கணக்காகச் சொல்லிவிடுவார். போகும் முன் கேளுங்கள். நடந்து போனபின் தண்ணீர் தாழ்ந்த நேரத்துக்குள் திரும்பிவிடுங்கள்.

அடுத்தது ஸ்நார்கெல். கண்ணாடியும் குழாயும் வாடகைக்குக் கிடைக்கிறது, கரைக்குப் பக்கத்திலேயே பவளப்பாறை, தலையைக் கவிழ்த்துப் போட்டால் நேரம் போவதே தெரியாது. அதுதான் பிரச்சினை. மீனைப் பார்த்துக்கொண்டே நீரோட்டத்தோடு மிதந்து போய்விட்டு, தலையைத் தூக்கும்போது விடுதி சின்னதாகத் தெரியும். களைத்தபின் நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்ப வேண்டியிருக்கும். அதனால் ஆரம்பத்தில் எதிர்த்து நீந்துங்கள், திரும்புவதற்கு அது உதவும். சில நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிக் கரையில் ஓர் அடையாளத்தைப் பாருங்கள். நீல, கறுப்புச் சட்டை வேண்டாம். படகு ஓட்டுகிறவர் கண்ணில் படுகிற மாதிரி ஆரஞ்சோ மஞ்சளோ இருக்கட்டும். வேக வேகமாக மூச்சிழுத்துவிட்டு ஆழத்துக்கு முங்கும் வித்தை தனி ஆளுக்கு ஆகவே ஆகாது. மூச்சு முட்டும் உணர்வே வராமல் நினைவு தப்பிவிடும், இழுத்து வெளியே போட ஆள் வேண்டும். இன்னும் சரியாகச் சொன்னால், தனியாகப் பயணம் போங்கள், தனியாகக் கடலில் இறங்காதீர்கள். பக்கத்தில் நாலு பேர் நீந்தும் இடமாகப் பார்த்து, "நானும் உங்களோடு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்குவதில் கூச்சம் எதற்கு?

அலை உடையும் கடற்கரையில் நடுவே ஓர் இடம் மட்டும் அலையில்லாமல் அமைதியாகத் தெரிந்தால், அதுதான் இறங்குவதற்கு வசதியான இடம் என்று தோன்றும். பல நேரம் அது கரைக்கு வந்த தண்ணீர் திரும்ப உள்ளே ஓடும் வழி. அதில் சிக்கிக்கொண்டால் நேராகக் கரையை நோக்கி நீந்தி யாரும் ஜெயித்ததில்லை. மிதந்து மூச்சைச் சேமித்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்டபின் கரைக்குத் திரும்ப வேண்டும்.

வெறுங்காலோடு பாறை மேல் நடக்காதீர்கள். கல்மீன் கல்லைப் போலவே கிடக்கும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரிக்கு மேற்போகாத வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். கூம்பு வடிவச் சங்கு ஒன்று அழகாகக் கிடக்கிறதே என்று கையில் எடுப்பதும் வேண்டாம். உள்ளே உயிர் இருந்தால் அதன் விஷம் ஆளைக் கொல்லக்கூடியது. ஜெல்லி மீனுக்கு முதலுதவி இனத்துக்கு இனம் மாறும். பெட்டி வடிவ ஜெல்லி மீனுக்கு வினிகர் ஊற்றுவார்கள், எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. எது இந்தக் கடலில் இருக்கிறது, என்ன வைத்திருக்கிறீர்கள் என்று படகுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாத முதுகு

நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த அளவின் உச்சநிலையே 11இல்தான் தொடங்குகிறது. தண்ணீருக்குள் இருக்கிறோமே என்று நினைப்பதும் ஏமாற்றம், அரை மீட்டர் ஆழத்திலும் கணிசமான கதிர் வந்து சேரும். கவிழ்ந்து மிதக்கும்போது பின்னங்கழுத்தும் முழங்காலின் பின்புறமும் வெந்துபோவது இதனால்தான். தனி ஆளுக்குத் தன் முதுகு எட்டாது என்பதால், களிம்பை நம்புவதைவிட முழுக்கைச் சட்டை போட்டு இறங்குவதே சரி. களிம்பு வாங்கும்போது பின்னட்டையைப் படியுங்கள். பவளத்தைக் கெடுக்கும் என்று ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்தவற்றைப் பசிபிக் தீவு நாடான பலாவு 2020 முதலும் ஹவாய் 2021 முதலும் விற்கவிடாமல் தடுத்திருக்கின்றன.

கொசுவை மாலையில் மட்டும் தேடுவதும் தவறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமாலோடு நிறுத்திக்கொண்டு பரிசோதனைக்குப் போங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் பக்கம் போகாதீர்கள்.

தென்னை மரத்தடியில் படுக்காதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஸ்கூட்டர்

சொந்த ஊரில் ஓட்டியே பழகாதவர்கள்கூடத் தீவில் சாவியை வாங்கிவிடுகிறார்கள். சாலை காலியாகத்தான் இருக்கும். ஆனால் வளைவில் மணல் கிடக்கும், மழைக்குப் பின் செம்மண் இறக்கம் சோப்பாக வழுக்கும். விழுந்தால் பெரிய மருத்துவமனை கடலுக்கு அந்தப் பக்கம். இருசக்கர வண்டிக்குச் செல்லுபடியாகும் உரிமம், தேவையான நாடுகளில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, இரண்டும் இல்லாவிட்டால் பயணக் காப்பீடு கைவிரிக்கலாம். காப்பீட்டில் அவசரமாகப் படகிலோ ஹெலிகாப்டரிலோ கொண்டுபோகும் செலவு அடங்குமா என்று அந்த ஒரு வரியை மட்டுமாவது தேடிப் படியுங்கள். கடவுச்சீட்டை அடமானமாகக் கேட்டால் நகலும் முன்பணமும் கொடுத்துப் பாருங்கள், ஒப்பாவிட்டால் அடுத்த கடை. வண்டியை எடுக்கும் முன் கீறல்களைச் சுற்றி வந்து காணொளி எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியே இல்லாமலும் பல தீவுகளைப் பார்க்கலாம். பசிபிக்கின் குக் தீவுகளில் உள்ள ரரோடோங்காவைச் சுற்றிவரும் சாலை சுமார் 32 கிலோமீட்டர்தான், அதில் இரு திசையிலும் பேருந்து ஓடுகிறது. சீஷெல்ஸின் லா டீக் தீவில் பெரும்பாலும் சைக்கிள்தான். சைக்கிளானாலும் நடையானாலும் இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுங்கள். வெப்பமண்டலத்தில் சூரியன் மறைந்து அரை மணிக்குள் கும்மிருட்டு வந்துவிடும்; மலை உச்சியில் அஸ்தமனம் பார்த்துவிட்டு நிதானமாக இறங்கலாம் என்று கைவிளக்கு இல்லாமல் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது அதனால்தான்.

எல்லாரும் வரும் நேரத்தில் போவது

புகழ்பெற்ற கடற்கரை என்றால் ஒருநாள் சுற்றுலாப் படகுகள் முற்பகலில் வந்து கொட்டி, பிற்பகலில் அள்ளிக்கொண்டு போகும். தீவிலேயே தங்கியிருப்பவருக்கு விடிகாலையும் சாயங்காலமும் கையில் இருக்கிறது, அதைத் தூங்கிக் கழித்துவிட்டுப் பதினொரு மணிக்குக் கூட்டத்தில் போய் நிற்பதை என்னவென்று சொல்வது. சில இடங்கள் மூடியும் இருக்கலாம். தாய்லாந்தின் மாயா வளைகுடாவைப் பவளம் மீள்வதற்காக 2018இல் மூடி 2022இல்தான் திறந்தார்கள். இப்போதும் ஆண்டில் சுமார் இரண்டு மாதம் மூடுகிறார்கள். அந்த ஒரு காட்சிக்காகவே போகிறவர் தேதியைச் சரிபார்க்காமல் போகக் கூடாது.

தனி ஆளுக்கு முழுப் படகை அமர்த்துவது கட்டுப்படியாகாது. முதல் நாள் மாலையே விடுதியில் யார் எங்கே போகிறார்கள் என்று கேட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள். அப்புறம் ஒரு விஷயம்: தனியாக வந்திருக்கிறேன், இந்த அறையில் தங்கியிருக்கிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், ஆனால் விடுதியில் நம்பிக்கையான ஒருவரிடம் எங்கே போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதைத் தினமும் சொல்லிவிட்டுப் போங்கள். சமூக வலைத்தளத்தில் இடத்தைப் போடுவது கிளம்பியபிறகு. மின்சாரம் போனால் ஏடிஎம்மும் கார்டு இயந்திரமும் சேர்ந்து படுத்துவிடும் என்பதால், திரும்பும் படகுக்கான ரொக்கத்தைத் தனியாக ஒளித்து வையுங்கள்.

கடைசி நாள்

ஸ்கூபா செய்கிறவர்கள் கடைசி நாளையும் விடாமல் முங்கிவிட்டு விமானம் ஏறப் பார்ப்பார்கள். ஒரே ஒரு சாதாரண முழுக்கு என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல முழுக்கு என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பதே பரவலான வழிகாட்டுதல். ஒரு முழு நாள் விடுவது இன்னும் நிம்மதி. அந்த நேரத்தில் கரையில் பொறுக்கிய பவளத்துண்டுகளையும் பெரிய சிப்பிகளையும் பையிலிருந்து எடுத்து வந்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். கல்பவளமும் ராட்சதச் சிப்பியும் பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவை. அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்தில் பறிமுதலும் அபராதமும் வரலாம், கடையில் காசு கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் சரி.