கர்ப்பிணிகளுக்கு வரும் நரம்பு சுருட்டல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெரிகோஸ் வெயினைப் பேச்சு வழக்கில் ‘நரம்பு சுருட்டல்’ என்கிறோம். முதல் தவறுக்கு அந்தப் பெயரே வழிவிடுகிறது. புடைத்துச் சுருண்டு நிற்பது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். உணர்ச்சியைக் கடத்தும் நரம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நரம்புக்கென்று வாங்கும் வைட்டமின் மாத்திரையை எத்தனை மாதம் விழுங்கினாலும் இந்தப் புடைப்பு வற்றாது.

கர்ப்ப காலத்தில் உடலில் ஓடும் ரத்தம் 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சிரைச் சுவரைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை இடுப்புக்குள் இருக்கும் பெரிய சிரைகளை அழுத்துகிறது. சிரை விரிந்ததும் உள்ளே இருக்கும் வால்வுகளின் இதழ்கள் சரியாக மூடுவதில்லை. மேலே ஏற வேண்டிய ரத்தம் கீழிறங்கிக் காலில் தேங்குகிறது.

காலுறையில் நடக்கும் தவறுகள்

அழுத்தக் காலுறை வாங்கியும் பலன் இல்லை என்பவர்களில் பலர் அதை அணியும் நேரத்தில்தான் தவறுகிறார்கள். எழுந்து, குளித்து, சமைத்து, கால் கனக்கத் தொடங்கிய பிறகு மாட்டினால், ஏற்கெனவே வீங்கிய காலைத்தான் காலுறை இறுக்கும். காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே அணிய வேண்டும். முதலில் குளிக்க வேண்டியிருந்தால், குளித்தபின் 10, 15 நிமிடம் காலை உயர்த்திப் படுத்திருந்து, ஈரம் போகத் துடைத்துவிட்டு அணியலாம். இரவு படுக்கும்போது கழற்றிவிடலாம். காலுக்குக் கிரீம் தடவுவதும் அப்போதுதான்.

செருப்பு அளவைச் சொல்லிக் காலுறை வாங்குவது அடுத்த தவறு. கணுக்காலுக்குச் சற்று மேலே மிகக் குறுகிய இடத்தின் சுற்றளவு, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள உயரம் ஆகிய மூன்றும் வேண்டும். வீக்கம் இல்லாத காலை வேளையில் அளக்க வேண்டும். மாதம் ஏற ஏறக் கால் பருக்கும் என்பதால் ஒருமுறை எடுத்த அளவு கடைசி வரை போதாமல் போகலாம். அழுத்தம் பாதரச மில்லிமீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். லேசான தொந்தரவுக்கு 15–20, புடைப்பும் வீக்கமும் தெளிவாக இருந்தால் 20–30 என்பது வழக்கம். எது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். காலில் தமனி, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய், அடைபட்டிருப்பவர்களுக்கு இதே அழுத்தம் கேடு செய்யும்.

இழுத்து மாட்டுவதற்கும் முறை உண்டு. காலுறைக்குள் கைவிட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உள்வெளியாகத் திருப்புங்கள். பாதத்தை நுழைத்துக் குதிகாலைச் சரியாகப் பொருத்திவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றிச் சுருக்கங்களை நீவிவிடுங்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பிடி நழுவாது. வயிறு பெரிதான பிறகு குனிய முடியாது, வீட்டில் ஒருவர் இதைக் கற்றுக்கொள்வது நல்லது. மேல் விளிம்பை மட்டும் மடித்துவிடாதீர்கள். மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டித்து, கயிறு கட்டியதுபோல ரத்தத்தை அங்கேயே நிறுத்திவிடும். விரல்கள் மரத்தாலோ நீலமானாலோ உடனே கழற்ற வேண்டும்.

காலுறை கனத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். புடைத்த சிரையை அது மறையச் செய்யாது.

நிற்பது, உட்காருவது, படுப்பது

ஒரே இடத்தில் நிற்பதைப் போலவே காலைத் தொங்கவிட்டு நெடுநேரம் உட்காருவதும் கெடுதல். கெண்டைத் தசை சுருங்கும்போதுதான் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். முடியாவிட்டால் பாதத்தை மேலும் கீழுமாக 20, 30 தடவை அசையுங்கள். காலை உயர்த்துகிறேன் என்று ஸ்டூலில் நீட்டினால் அரைகுறைப் பலன்தான், பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஆனால் பிந்தைய மாதங்களில் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கக் கூடாது. கருப்பை பெருஞ்சிரையை அழுத்தித் தலைசுற்ற வைக்கும். வலது இடுப்புக்கு அடியில் தலையணை வைத்து இடப்பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள்.

மலச்சிக்கலைக் கவனிக்காமல் விட்டு முக்குவது மூலத்தையும் பிறப்புறுப்பைச் சுற்றிய சிரைப் புடைப்பையும் மோசமாக்கும். அந்த இடத்துப் புடைப்பை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பெரும்பாலும் அது சுகப்பிரசவத்துக்குத் தடையாவதில்லை, என்றாலும் பிரசவம் பார்ப்பவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

தேய்க்கக் கூடாத கால்

எங்களுக்கு மிகவும் கவலை தருவது இதுதான். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டையிலோ தொடையிலோ வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அது ஆழ்சிரையில், அதாவது தசைகளுக்கு நடுவே ஆழத்தில் ஓடும் சிரையில், கட்டிய ரத்தக்கட்டியாக இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு இது இடது காலில்தான் அதிகம் வரும். பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து அழுத்திவிட்டால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய், சிரையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. புடைத்த சிரையே கயிறுபோல் கெட்டியாகிச் சிவந்து வலித்தாலும் பரிசோதனை தேவை. வலிக்கென்று ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. முகமும் கைகளும் வீங்கி, தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால் சிரையைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள்.

புடைத்த சிரை உடைந்து ரத்தம் கொட்டினால், அந்த இடத்துக்கு மேலே தொடைப் பக்கமாகத் துணியால் இறுக்கிக் கட்டுவது ரத்தப்போக்கைக் கூட்டும். படுக்க வைத்துக் காலை உயர்த்தி, ரத்தம் வரும் இடத்தையே சுத்தமான துணியால் 10 நிமிடம், நடுவில் எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடியுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போகும் வழியிலும் கையை எடுக்காதீர்கள்.

பிரசவத்துக்குப் பின்

குழந்தை பிறந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று காலுறையைத் தூக்கிப்போட்டுவிட்டு நாளெல்லாம் படுத்தே இருப்பது பெரிய தவறு. ரத்தம் உறையும் ஆபத்து பிரசவத்துக்குப் பிந்தைய முதல் 6 வாரங்களில்தான் மிக அதிகம். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் கூடுதல். மருத்துவர் அனுமதித்ததும் எழுந்து நடக்க வேண்டும், காலுறையும் தொடர வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையை இந்தக் காலத்தில் தொடங்கக் கூடாது.

லேசர், ஊசி மருந்து, அறுவை சிகிச்சைக்கு அவசரப்படுவதும் வீண் செலவாகலாம். பலருக்குப் புடைப்பு சில மாதங்களில் தானாகவே சுருங்கும், எனவே 3 முதல் 6 மாதம் பொறுத்து, நின்றநிலை டாப்ளரில் எந்த வால்வு ஒழுகுகிறது என்று பார்த்தபின் முடிவெடுக்கலாம். அடுத்த குழந்தைக்கான திட்டம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் சிரைகள் மறுபடி விரியக்கூடும், அந்த முறை காலுறையை முதல் மாதங்களிலேயே தொடங்க வேண்டியிருக்கும்.