புது வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு: விலையைப் பார்க்குமுன் யாருடைய கேபிள் என்று கேளுங்கள்

மில்டன் கீன்ஸின் ஓரத்தில் நாங்கள் வாங்கிய வீடு அப்போது அரைச்சுவராகத்தான் நின்றது. விற்பனை அலுவலகத்துப் பெண் சமையலறை அலமாரிகளின் நிறம், தரைவிரிப்பு, குளியலறை ஓடு என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இணையம் எப்படி என்று கேட்டேன். "முழு ஃபைபர், கவலையே வேண்டாம்" என்றார். நானும் கவலைப்படவில்லை. ஹரோவில் வாடகை வீட்டில் வைத்திருந்த இணைப்பை அப்படியே கொண்டுபோய்விடலாம் என்பது என் கணக்கு. குடிபுகுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது முகவரி மாற்றச் சொல்லி அழைத்தால், அந்தக் குடியிருப்பில் தங்கள் சேவையே இல்லை என்றார்கள். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. பாதியில் முறித்ததற்கு 140 பவுண் கட்டினேன். அலமாரி நிறத்துக்குச் செலவழித்த நேரத்தில் பத்து நிமிடத்தை இதற்குக் கொடுத்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

இங்கிலாந்தில் புதிதாகக் கட்டும் வீட்டுக்கு வேகம் ஒரு பிரச்சினையே அல்ல. 2022 டிசம்பர் 26 முதல் நடைமுறையில் உள்ள கட்டட விதியின்படி, கிகாபிட் வேகத்தைத் தாங்கும் குழாய்களையும் வசதிகளையும் கட்டுநர் போட்டே ஆக வேண்டும். வீடொன்றுக்கு 2,000 பவுணுக்குள் அடங்குமானால் இணைப்பையும் தர வேண்டும். ஆகவே ஃபைபர் இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. அது யாருடைய ஃபைபர் என்று கேட்க வேண்டும்.

தெருவில் ஓடுவது ஓப்பன்ரீச் கேபிள் என்றால் நீங்கள் பாக்கியசாலி. அதே கேபிளை பிரிட்டிஷ் டெலிகொம் (BT), ஸ்கை, வோடஃபோன், டோக்டோக் என்று பலரும் வாடகைக்கு எடுத்து விற்கிறார்கள், போட்டி இருப்பதால் விலை இறங்கும். வர்ஜின் மீடியாவுக்குத் தன் சொந்தக் கேபிள் உண்டு. இவை இரண்டும் இல்லாமல், ஓஎஃப்என்எல் போன்ற தனி வலையமைப்பு ஒன்று கட்டுநரோடு ஒப்பந்தம் செய்து குடியிருப்பு முழுவதற்கும் கேபிள் போட்டிருக்கவும் கூடும். மாடிக் குடியிருப்புகளில் ஹைப்பரொப்டிக் என்ற தனி வலையமைப்பைப் பரவலாகப் பார்க்கலாம். இத்தகைய இடங்களில் தொலைக்காட்சி விளம்பரத்தில் வரும் பெரிய பெயர்கள் பெரும்பாலும் கிடைக்காது. அந்த வலையமைப்பில் விற்கும் சில சிறு நிறுவனங்களுக்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் குடியிருப்பு அப்படிப்பட்டது. சேவை நன்றாகவே இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எனவே முன்பணம் கட்டும் முன் விற்பனை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் பதில் வாங்குங்கள். எந்த வலையமைப்பு? இன்னொரு நிறுவனம் பின்னாளில் வருவதற்குக் குழாய் இருக்கிறதா? ஃபைபர் கேபிள் வந்து முடியும் ஓஎன்டி என்கிற வெள்ளைப் பெட்டி வீட்டுக்குள் எந்த இடத்தில் வரும்? அதன் அருகே மின் இணைப்பு உண்டா? அங்கிருந்து அறைகளுக்கு இணையத்தைக் கொண்டுபோகும் ஈதர்நெட் கம்பி இழுக்கிறார்களா?

கடைசி மூன்று கேள்விகளை யாரும் கேட்பதில்லை. எங்கள் பெட்டி மாடிப்படிக்குக் கீழுள்ள அலுமாரிக்குள், கீரிச்சம்பா மூட்டைக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில் இருக்கிறது. ரவுட்டரையும் அங்கேயே வைத்தால் மேல் அறைக்கு வைஃபை ஏறுவதே இல்லை. புது வீடுகளில் வெப்பம் வெளியேறாதிருக்க வைக்கும் காப்புப் பலகைகளில் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும், அது வைஃபையையும் மறித்துவிடும். மாதம் பத்துப் பவுணுக்கு வலுவூட்டிப் பெட்டி தருகிறோம் என்பார்கள். அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். சுவர் பூசுமுன்பே வரவேற்பறைக்கும் மேல்மாடிக்கும் ஒவ்வொரு கம்பி இழுத்துவிட்டால் அந்தச் செலவே வராது. பூசிய பிறகு எங்களைப் போல் தரைவிரிப்பின் ஓரத்தில் கம்பியை ஒளித்து வைக்க வேண்டியதுதான்.

அடுத்தது முகவரி. கட்டுநரின் வரைபடத்தில் எங்கள் வீடு 47ஆம் மனை, தபால்காரருக்கு அது 12ஆம் இலக்கம். விலை ஒப்பிடும் தளங்களில் எங்கள் தபால் குறியீட்டைப் போட்டால் வீடே இல்லை என்று வரும். புதிய முகவரிகள் எல்லாப் பட்டியல்களிலும் ஏறச் சில மாதங்கள் ஆகலாம், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். நிறுவனத்தை நேரே அழைத்து மனை எண், தபால் முகவரி இரண்டையும் சொல்லுங்கள். நான் மனை எண்ணை மட்டும் சொன்னதால் ரவுட்டர் 47ஆம் இலக்க வீட்டுக்குப் போய்விட்டது. அந்த வீட்டுக்காரரோடு இன்றும் நட்பாக இருக்கிறோம் என்பது தனிக் கதை.

இனி விலை. மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். 2025 ஜனவரி 17க்குப் பிறகு செய்யும் ஒப்பந்தங்களில், இடையில் கட்டணம் ஏறுமானால் எவ்வளவு, எப்போது என்பதைப் பவுண், பென்ஸ் கணக்கில் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்கொம் விதித்திருக்கிறது. பணவீக்கத்தோடு சேர்த்து ஏறும் என்று மழுப்ப முடியாது. அந்த எண்ணை எடுத்துக் கொப்பியில் கூட்டிப் பாருங்கள். எனக்கு முன் இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்று 27 பவுண், ஒவ்வொரு ஏப்ரலிலும் 3 பவுண் கூடும். மற்றது 29 பவுண், மாறாது. இரண்டும் 24 மாதம். நவம்பரில் தொடங்கினால் முதலாவதற்கு ஐந்து மாதம் 27, பன்னிரண்டு மாதம் 30, ஏழு மாதம் 33, மொத்தம் 726 பவுண். இரண்டாவதற்கு 696. மலிவாகத் தெரிந்ததுதான் 30 பவுண் கூட. பொருத்தும் கட்டணமும் ரவுட்டர் அனுப்பும் கூலியும் உண்டா என்று பார்த்து அவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

யூனிவர்சல் கிரெடிட் அல்லது பென்ஷன் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை பெறுகிறவர்கள் முதலில் அவர்களுக்கென்று சலுகை விலையில் தரும் சமூகக் கட்டணத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் மாதம் இருபது பவுண் அளவில் முடிந்துவிடும். கேட்க வெட்கப்பட்டு முப்பது பவுண் கட்டிக்கொண்டிருக்கும் நம்மவர்களை எனக்குத் தெரியும்.

வேகத்தில் பேராசை வேண்டாம். நாங்கள் ஐந்து பேர். ஊர்த் தொலைக்காட்சி, பிள்ளைகளின் விளையாட்டு, என் அலுவலகக் காணொளிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் 150 மெகாபிட் தாராளமாகப் போதும். 900 எடுக்கச் சொல்லி எத்தனையோ முறை அழைத்தார்கள். ஆனால் பதிவேற்ற வேகத்தைக் கவனியுங்கள், விளம்பரத்தில் அதைச் சிறிய எழுத்தில்தான் போடுவார்கள். என் கணவர் வார இறுதியில் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று காணொளி எடுக்கப் போகிறவர். 40 கிகாபைட் கோப்பை 30 மெகாபிட்டில் ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும், 150 மெகாபிட்டில் சுமார் 36 நிமிடம் போதும். ஓப்பன்ரீச் கேபிளில் இந்த அளவுத் திட்டங்களுக்குப் பதிவேற்ற வேகம் பெரும்பாலும் 30 அளவில்தான் இருக்கும். தனி வலையமைப்புகள் பல இரு பக்கமும் ஒரே வேகம் தருகின்றன. எங்களுக்கு வாய்த்த சிறு நிறுவனத்தில் கிடைத்த லாபம் இதுதான்.

மாமிக்கு வீட்டுத் தொலைபேசி இல்லாமல் ஆகாது. யாழ்ப்பாணத்துக்கு வாட்ஸ்அப்பில் கதைத்தாலும், மேசையில் மணி அடிக்கும் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். புது வீட்டில் அது ரவுட்டரின் பின்னால்தான் செருகப்படும். பழைய செப்புக் கம்பித் தொலைபேசி 2027 ஜனவரியோடு நாடு முழுவதும் நிறுத்தப்படுகிறது. மின்சாரம் போனால் இந்தத் தொலைபேசியும் போய்விடும். முதியவர் தனியாக இருக்கும் வீடென்றால், மின்தடையின்போது தாங்கும் பேட்டரிப் பெட்டி தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

சாவி கிடைக்கும் திகதி உறுதியாகும் வரை இணைப்புத் திகதியைப் பூட்டாதீர்கள், கட்டுநர் சொல்லும் திகதி தள்ளிப்போவது வழக்கம். இடைக்காலத்துக்கு 30 நாள் ஒப்பந்தமுள்ள சிம் ஒன்று போதும். தானியங்கி இழப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த நிறுவனமா என்றும் பாருங்கள். சேர்ந்திருந்தால், சொன்ன நாளில் தொழில்நுட்பர் வராததற்கும் இணைப்பு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் பணம் தானாகக் கணக்கில் ஏறும். 2019இல் அது 25 பவுணும் நாளுக்கு 5 பவுணுமாகத் தொடங்கியது, பிறகு கூடியிருக்கிறது. சிறு நிறுவனங்கள் எல்லாம் இதில் இல்லை. எங்களுடையதும் இல்லை. 47ஆம் இலக்கத்துக்கு ரவுட்டர் போன கதையில் எங்களுக்கு ஒரு பென்ஸும் கிடைக்கவில்லை.

ஒப்பந்தம் முடிவதற்கு 10 முதல் 40 நாட்களுக்குள் நிறுவனம் உங்களுக்கு அறிவித்தல் அனுப்பியாக வேண்டும். அது குப்பை மின்னஞ்சலோடு போய்விடக்கூடும் என்பதால், கோயிலில் தந்த கலண்டரில் அடுத்த வருடம் அக்டோபர் பக்கத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தில் "696" என்றும் எழுதியிருக்கிறேன், அவர்கள் அழைக்கும்போது ஞாபகம் வருவதற்காக.