பின்பாரம்: டிராவல் டிரெய்லர் இழுப்பவர்கள் செய்யும் தவறுகள்

கலிபோர்னியாவில் ஜோஷுவா ட்ரீ பூங்காவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் திரும்ப, 62-ஆம் நெடுஞ்சாலையில் மொரோங்கோ வேலியைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். இறக்கம் முடிகிற இடத்தில் சான் கொர்கோனியோ கணவாயின் காற்று மேற்கிலிருந்து வந்து வண்டியின் விலாவில் அறையும். முப்பந்தல் வழியாக நாகர்கோவிலுக்குப் போனவர்களுக்கு அந்தக் காற்று எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கேயும் சாலையின் இருபுறமும் காற்றாலைகள்தான்.

டிரக்கின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடுதான் டிராவல் டிரெய்லர். 24 அடி டிரெய்லரை வாங்கி அது எங்களுக்கு இரண்டாவது பயணம். 63 மைல் வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். வலப்பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் ஓரம் தெரிந்தது, மறைந்தது. உடனே இடப்பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. "என்னங்க, பின்னாடி யாரோ பிடிச்சு ஆட்டுற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. நான் பிரேக்கை மிதித்தேன். ஆட்டம் இரண்டு மடங்கானது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டினேன், இன்னும் மோசமானது. சாலையோர வரிப்பள்ளங்களில் டயர் ஏறி 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். நல்லவேளையாக இறக்கம் முடிந்து வேகம் தானாகக் குறைய, டிரெய்லரும் அடங்கியது. ஓரம் கட்டி உள்ளே போய்ப் பார்த்தால் ஃப்ரிட்ஜ் திறந்து, தயிர் டப்பா கட்டிலில் கவிழ்ந்து கிடந்தது.

அன்று நான் செய்த தவறுகளில் பாதி, காலையில் வண்டியைக் கிளப்பும் முன்பே நடந்து முடிந்தவை. ஸ்வே என்கிற இந்த வாலாட்டத்துக்குப் பலரும் காற்றையும் பக்கத்தில் சீறிப்போகும் லாரியையும்தான் குற்றம் சொல்கிறார்கள். காற்று தட்டிவிடுகிறது, அவ்வளவுதான். தட்டினால் ஆடுகிற மாதிரி பாரம் ஏற்றியது நாம்.

பாரத்தைப் பின்னால் ஏற்றுவது

மாட்டு வண்டியில் மூட்டை அடுக்கும்போது முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். டிரெய்லர்காரர்கள் டங் வெயிட் என்று சொல்வது அந்த நுகத்தில் விழும் பாரத்தைத்தான். அமெரிக்க டிராவல் டிரெய்லருக்கு, சாமான் ஏற்றிய மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் பந்தின் மேல், அதாவது டிரக்கின் பின்னால் டிரெய்லரைக் கோக்கும் இரும்புக் குண்டின் மேல், உட்கார வேண்டும். 6,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 600 முதல் 900 பவுண்டு. நான் 12, 13 சதவீதத்துக்குக் கீழே போவதில்லை.

விளம்பரத் தாளில் அச்சடித்திருக்கும் டங் வெயிட்டை நம்பி வண்டியைக் கிளப்புவது முதல் தவறு. அது காலி டிரெய்லரின் கணக்கு. பாத்திரம், அரிசி மூட்டை, பேட்டரி, கேஸ் சிலிண்டர், தண்ணீர் எல்லாம் ஏறிய பிறகு எடை எங்கே போய் விழுகிறது என்பதை அது சொல்லாது.

எங்கள் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்துக்கும் அச்சுக்கும் இடையே 16 அடி. பின் பம்பரில் ஸ்டாண்டு மாட்டி நான்கு சைக்கிள், எல்லாம் சேர்த்து 150 பவுண்டு, அச்சுக்குப் பின்னால் சுமார் 10 அடி தூரத்தில். கிணற்று ஏற்றத்தில் ஒரு முனையை அமுக்கினால் மறுமுனை தூக்குவது போலத்தான் இதுவும். 150-ஐ 10-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்தால், பந்தின் மேலிருந்து 94 பவுண்டு காணாமல் போகிறது.

சைக்கிள்களோடு போகும்போது ஒன்றும் ஆகவில்லையே, வரும்போது மட்டும் ஏன்? இது எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது. அந்தப் பூங்காவில் பெரும்பாலான முகாம்களில் தண்ணீர் கிடையாது. அதனால் 40 கேலன் நல்ல தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு போனோம். ஒரு கேலன் 8.3 பவுண்டு, ஆக 330 பவுண்டு. எங்கள் டிரெய்லரில் அந்தத் தொட்டி அச்சுக்கு 5 அடி முன்னால் இருக்கிறது. திரும்பும்போது அது காலி. அதில் 30 கேலன், குளித்த நீராகவும் பாத்திரம் கழுவிய நீராகவும் அச்சுக்கு 4 அடி பின்னால் இருக்கும் கழிவுத் தொட்டிக்கு மாறியிருந்தது. முன்னால் காலியானதில் 103 பவுண்டு, பின்னால் நிரம்பியதில் 62 பவுண்டு, ஆகமொத்தம் 165 பவுண்டு பந்திலிருந்து குறைந்துவிட்டது. புறப்படும்போது 690 இருந்தது 525 ஆகியிருக்கிறது. அப்போது டிரெய்லரின் எடை 5,900 பவுண்டு. 9 சதவீதம்கூட இல்லை. நாங்கள் ஒரு பொருளையும் இடம் மாற்றவில்லை, சமைத்தோம், குளித்தோம், அவ்வளவே. உங்கள் தொட்டிகள் அச்சுக்கு முன்னாலா பின்னாலா என்று குனிந்து பாருங்கள். சில மாடல்களில் நல்ல தண்ணீர்த் தொட்டியே பின்னால் இருக்கும், அவர்களுக்கு நிரப்பிக்கொண்டு போகும்போதுதான் ஆபத்து.

இதைக் கேட்டதும் சிலர் கனமான எல்லாவற்றையும் மூக்கு நுனியில் கொண்டுபோய்க் குவிப்பார்கள். சதவீதம் சரியாகிவிடும். ஆனால் பின்னால் சைக்கிள், முன்னால் கருவிப்பெட்டி என்று இரு முனையிலும் கனம் இருந்தால் அது காவடித் தண்டு மாதிரி. திரும்பத் தொடங்கினால் நிறுத்துவது பெரும்பாடு. கனமானவை அச்சின் மேலோ அதற்குக் கொஞ்சம் முன்னாலோ, தரையோடு ஒட்டிப் போக வேண்டும்.

எடை போடாமல் ஊகிப்பது

வீட்டில் உடல் எடை பார்க்கும் மெஷின் போதும். மூன்று அடி இடைவெளியில் ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் மெஷின், குறுக்கே கனமான சட்டம். செங்கல்லிலிருந்து ஒரு அடி தள்ளி டிரெய்லரின் ஜாக்கை இறக்குங்கள். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் டங் வெயிட். சக்கரங்களுக்கு முட்டுக்கொடுக்க மறக்காதீர்கள்.

சரியான வழி, நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்கிற லாரி எடைமேடை. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றையும் தனித்தனியாக அச்சடித்துக் கொடுப்பார்கள். லாரிக்காரர்கள் நடுவே நம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த முதல்முறை கூச்சமாக இருக்கும். அவர்கள் யாரும் கண்டுகொள்வதில்லை.

லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன், "நாங்க 5, 6 சதவீதத்திலதான் கேரவன் இழுக்கிறோம்" என்று வாதாடுவான். அவன் சொல்வது உண்மைதான், பிரிட்டனில் 5 முதல் 7 சதவீதம் வழக்கம். ஆனால் அங்கே கேரவன்கள் இலேசானவை, கனம் நடுவில் வரும்படி கட்டப்பட்டவை, மோட்டார்வேயிலேயே இழுவை வண்டிக்கு 60 மைல்தான் உச்சம். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது.

ஹிட்ச் வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பது

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வேறு, ஸ்வே கன்ட்ரோல் வேறு. முதலாவது, டிரக்கின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரங்கள் இலேசாவதைத் தடுக்கிறது. அதன் ஸ்பிரிங் கம்பிகள் நெம்புகோலாக வேலை செய்து, பாரத்தில் ஒரு பங்கை டிரக்கின் முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளும். ஆட்டத்தை அடக்க உராய்வு வேண்டும். ஈக்வலைசர், ரீஸ் டூயல் கேம் போன்றவற்றில் இரண்டும் சேர்ந்தே வரும். சாதாரண வட்டக் கம்பி ஹிட்ச்சோடு தனியாக ஒரு உராய்வுக் கம்பி மாட்டுவார்கள். அதை மாட்டியபடி ரிவர்ஸ் எடுத்தால் வளைந்து போகும், மழையில் பிடிப்பு குறையும்.

அந்த ஸ்பிரிங் கம்பிகளை 'இன்னும் கொஞ்சம்' என்று இறுக்குவதும் தவறுதான். அளவுக்கு மீறினால் டிரக்கின் பின்சக்கரங்களில் பாரம் குறைந்து, பிடிப்பு போய்விடும். முன் ஃபெண்டரின் உயரத்தை டிரெய்லர் மாட்டும் முன்பும், மாட்டிய பின்பும், கம்பி போட்ட பின்பும் டேப்பால் அளந்து, டிரக் கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள். டிரெய்லர் மட்டமாக, அல்லது மூக்கு துளியளவு தாழ்ந்து நிற்க வேண்டும். மூக்கைத் தூக்கிக்கொண்டு போகிற டிரெய்லர் ஆடத்தான் செய்யும்.

பின்பாரத்தோடு கிளம்பும் டிரெய்லருக்கு எவ்வளவு விலை உயர்ந்த ஹிட்ச் மாட்டினாலும் அது நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை போடுவதுதான். நான் ஹிட்ச்சுக்குச் செலவழித்த பிறகுதான் எடை போடப் போனேன். வரிசையைத் தலைகீழாக்கியிருந்தால் நிம்மதியும் மிச்சம், பணமும் மிச்சம்.

இழுவைத் திறனை மட்டும் பார்ப்பது

"இந்த டிரக் 11,000 பவுண்டு இழுக்கும் சார்" என்று ஷோரூமில் சொல்வார்கள். அந்த எண்ணைக் கணக்கிட வாகனத் துறை வைத்திருக்கும் எஸ்ஏஇ ஜே2807 என்கிற தர முறையில் டிரக்கில் தலைக்கு 150 பவுண்டில் இரண்டே பேர். நம் வீட்டில் நான்கு பேர், போதாக்குறைக்கு ஊரிலிருந்து வந்த அம்மா அப்பா. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் நிறம் கலந்த ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். என்னுடையதில் 1,500. அம்மா அப்பா இல்லாமல் நாங்கள் நால்வர் 560, ஐஸ் பெட்டியும் விறகும் 150, ஹிட்ச் 100, டங் வெயிட் 750. கூட்டினால் 1,560. இழுவைத் திறனின் உச்சத்துக்குக் கிட்டக்கூடப் போகாமலே டிரக் தாங்கும் அளவைத் தாண்டியாயிற்று.

டயரைப் பற்றி நீட்ட மாட்டேன். டிரெய்லருக்கான எஸ்டி டயர்களைப் பக்கச்சுவரில் எழுதிய உச்ச அழுத்தத்துக்கு, சூடாகும் முன் காலையில் நிரப்புங்கள். டிரக்கின் பின்டயர்களில் காற்று குறைந்தால் பக்கச்சுவர் நெளியும், அந்த நெளிவே ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும். எஸ்டி டயர்கள் பலவற்றுக்கு 65 மைல்தான் எல்லை.

"60-ல் ஒன்றும் ஆகவில்லை, 65-லும் ஆகாது"

ஒவ்வொரு டிரக், டிரெய்லர் ஜோடிக்கும் ஒரு எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே, தட்டிவிட்ட டிரெய்லர் ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் அடங்கி நின்றுவிடும். அதற்கு மேலே ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக்கொண்டே இருப்பது போல. பின்பாரம் கூடினால் அந்த எல்லை கீழே இறங்கும். டயரில் காற்று குறைந்தாலும் இறங்கும். நேற்று 68-ல் இருந்த எல்லை இன்று 58-ல் இருக்கலாம். வேகமானிக்கு அது தெரியாது.

கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் 55 மைல்தான் சட்டம். யு-ஹால் வாடகை டிரெய்லர்களுக்கும் அதே 55, அதோடு 60 சதவீத பாரம் முன்பாதியில் இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் விதி. இந்த எண்களைப் பார்த்து ஒருகாலத்தில் நானும் சிரித்தவன். வயோமிங்கில் 80-ஆம் இன்டர்ஸ்டேட்டில் காற்று பலமாக வீசும் நாட்களில் இலேசான, உயரமான வண்டிகளுக்குச் சாலையையே மூடிவிடுவார்கள். அந்தப் பலகை மின்னினால் அன்று அங்கேயே ஓட்டலில் தங்கிவிடுங்கள்.

ஆடத் தொடங்கியதும் பிரேக்கை மிதிப்பது

கால் தானாகப் போகும், அதுதான் சிக்கல். டிரக் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்ந்து பின்சக்கரங்கள் இலேசாகின்றன. அதே நேரம் பின்னாலிருந்து டிரெய்லர் கோணலாகத் தள்ளுகிறது. இறக்கத்தில் அது ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருக்கும்.

ஸ்டியரிங்கால் துரத்துவது அதற்கடுத்த தவறு. ஒரு ஆட்டத்துக்கு ஓரிரு வினாடிதான் ஆகும். நாம் பார்த்து, யோசித்து, திருப்புவதற்குள் டிரெய்லர் மறுபக்கம் போயிருக்கும், நாம் அதை மேலும் தள்ளிவிட்டிருப்போம். ஆக்சிலேட்டரை அமுக்கி இழுத்து நேராக்கு என்று ஒரு பழைய அறிவுரை சுற்றுகிறது. ஒரு நொடி நேராகும். அந்த நொடியில் எல்லை வேகத்திலிருந்து இன்னும் மேலே போயிருப்பீர்கள்.

செய்ய வேண்டியது: ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், பிரேக் கன்ட்ரோலரில் இருக்கும் கை லீவரை அமுக்குங்கள். அது டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்கும். டிரெய்லர் டிரக்கைப் பின்னோக்கி இழுக்க, இழுத்துப் பிடித்த கயிறு போல இரண்டும் நேர்கோட்டுக்கு வரும்.

அந்த லீவர் எங்கே இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பயனிருக்குமா என்பது சந்தேகம், ஏனென்றால் டிரெய்லர் பிரேக் எவ்வளவு பலமாகப் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் கெய்ன் அளவை வாங்கிய நாளில் வைத்ததோடு சரி. இப்போது ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும், காலியான பார்க்கிங்கில் 25 மைலில் ஓட்டி லீவரை மட்டும் அமுக்கிப் பார்க்கிறோம். டிரெய்லர் டிரக்கைத் திடமாகப் பிடித்து இழுக்க வேண்டும், அதன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு தேயக் கூடாது. மனைவியும் பழகிவிட்டாள். கீழே பார்க்காமல் லீவரைத் தொடுவதில் அவள் என்னைவிட வேகம்.

புது டிரக்குகளில் எலக்ட்ரானிக் ஸ்வே கன்ட்ரோல் தானாகவே சக்கரங்களுக்குத் தனித்தனியாகப் பிரேக் போட்டு ஆட்டத்தை அடக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் டேஷ்போர்டில் அந்த விளக்கு ஒருமுறை மின்னிவிட்டு அடங்கினால், "வண்டியே பார்த்துக்கொண்டது" என்று தொடர்ந்து போகாதீர்கள். அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி டயர், ஹிட்ச், தொட்டி மூன்றையும் பாருங்கள்.

போன வசந்தத்தில் மறுபடியும் அதே பூங்கா. திரும்பும் வழியில் பிளாக் ராக் முகாமில் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்து, சைக்கிள்களை டிரக்கின் பெட்டியில் ஏற்றிக் கட்டி, ஒரு கியர் குறைத்து 50 மைலில் இறங்கினேன். காற்று அதே காற்றுதான். டிரெய்லர் ஒருமுறை தோளைக் குலுக்கிவிட்டு நேராக வந்தது. பின்னால் பொறுமையில்லாமல் வந்த ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனார்.