நம்புவதற்கும் ஒரு பேரேடு

அறிவின் நற்குணம் பெரும்பாலும் கற்பதால் வரும், ஒழுக்கத்தின் நற்குணம் பழக்கத்தால் வரும் என்று அரிஸ்டாட்டில் பிரித்தார். 1996இல் அமெரிக்கத் தத்துவவாதி லிண்டா ஸக்ஸெப்ஸ்கி, அறிவு நற்குணங்களும் ஒழுக்க நற்குணங்களின் வகையே என்று வாதிட்டார். அப்படியானால் எதை எவ்வளவு நம்புவது என்பதையும் பழகத்தான் வேண்டும். பழகுவதற்கு, வரவு, பற்று என்று இரு பக்கம் எழுதும் செட்டிநாட்டுக் கணக்குமுறையே போதும்.

ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு நோட்டில் ஒரு கூற்றை மட்டும் எழுதுங்கள்: ‘இந்த வீட்டுச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்திருக்கிறார்கள்.’ எவ்வளவு நம்புகிறீர்கள், நூற்றுக்கு எத்தனை? ஆதாரம் தேடும் முன்பே எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் மனசு எண்ணைத் திருத்திவிடும். வரவுப் பக்கம் ஆதாரம், பற்றுப் பக்கம் மறுப்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘கண்டது’, ‘கேட்டது’, ‘ஊகம்’ என்று குறியுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். வழிகாட்டி, வீட்டுக்காரர், பெரியப்பா மூவரும் சொன்னால் மூன்று வரவாக ஏற்றிவிடுகிறார்கள். மூவருக்கும் சொன்னவர் ஒருவரே என்றால் அது ஒரே வரவு. பழைய கட்டுமானக் கணக்கோ, அனுபவமுள்ள கொத்தனார் பூச்சைப் பார்த்துச் சொல்வதோ தனி வரவு.

பற்றுப் பக்கம் காலியாக இருந்தால் தேடவில்லை என்று பொருள். பிடிவாதம் அப்படித்தான் வளரும். எதையுமே ஏற்காத சந்தேகமும் குறைதான். அதைச் சிலர் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், பாவம்.

வாரம் ஒருமுறை ஐந்தொகை எடுத்து, அதாவது இரு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, நம்பிக்கை எண்ணை மாற்றுங்கள். பழைய எண்ணை அழிக்காமல் கோடு மட்டும் போடுங்கள்.