நன்னாரி சர்பத்: மணம் பாட்டிலுக்கு வர வேண்டும், தெருவுக்கு அல்ல

முதல் தடவை நன்னாரி சர்பத் போட்டபோது வேரை அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன விசேஷம்? தெருவே மணக்குதே!" என்றார். பெருமையாக இருந்தது. ஆறவைத்துக் குடித்தால் வெறும் சர்க்கரைத் தண்ணீர்.

ஜின் என்ற மதுவுக்கு மணம் தரும் ஜூனிப்பர் காய் எப்படியோ, மதுரை ஜிகர்தண்டாவுக்கு நன்னாரி அப்படி. இதன் வாசனைப் பொருள் வெனிலாவில் இருக்கும் வெனிலினுக்குப் பங்காளி. கொதிக்கவிட்டால் ஆவியோடு ஆவியாகப் போய்விடும். அதனால் 50 கிராம் வேருக்கு 600 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்த பிறகு வேரைப் போட்டு, இறுக்கி மூடி ராத்திரி முழுக்க வைத்தால் போதும். காலையில் மறக்காமல் வடித்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் இன்னொரு நாள் கிடந்தால் புளித்துவிடும்.

வேரிலேயே தவறுபவர்களும் உண்டு. மணம் இருப்பது மேல்தோலில்தான். நடுவில் இருக்கும் வெள்ளை நரம்பில் ஒன்றுமில்லை. மண் போகக் கழுவி, உரலில் லேசாகத் தட்டினால் தோல் பிரிந்துவிடும், நரம்பை எறிந்துவிடலாம். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது நகத்தால் தோலைக் கீறி முகர்ந்து பாருங்கள். மணக்காத வேர் பழைய சரக்கு. நன்னாரி என்று மாகாளிக்கிழங்கைத் தருவதும் நடக்கிறது. வாசனை ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு செடி, பருமனான கிழங்கு. நன்னாரி வேர் மெல்லிசாக, கம்பி மாதிரி இருக்கும்.

அப்புறம் சர்க்கரை. பலர் இங்கே கஞ்சத்தனம் காட்டுவார்கள். அரை லிட்டர் வடிநீருக்கு ஒரு கிலோ போட்டால்தான் சர்பத் கெடாமல் நிற்கும். குறைத்தால் பூஞ்சை பிடிக்கும். சிறுதீயில் மூடிவைத்து, சர்க்கரை கரைந்ததும் இறக்கிவிடுங்கள். கம்பிப் பதம் பார்க்க இது பலகாரப் பாகு இல்லை. அப்படிக் காய்ச்சினால் பாட்டிலின் அடியில் கற்கண்டு கட்டும். சூடாக இருக்கும்போதே சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் உறைவது குறையும். ஜிகர்தண்டாவுக்கு என்றால் அந்தச் சில துளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பாலில் சேரப்போகிற சரக்கு, புளிப்பு கூடினால் பால் திரிந்துவிடும்.

கண்ணாடிப் பாட்டிலை வெயிலில் நன்றாகக் காயவைத்து, சர்பத் முழுக்க ஆறின பிறகே ஊற்ற வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்க்கும் நீர் சொட்டி, முதல் பூஞ்சை அங்கேதான் தலைகாட்டும்.

கடைச் சர்பத் மாதிரி கருப்பாக வரவில்லையே என்று சர்க்கரையைக் கருக்கிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் தீய்ந்தாலும் கசக்கும். எங்கள் வீட்டுச் சர்பத் பால் சேர்க்காத டீயின் நிறம்தான். வந்தவர்கள் முதலில் சந்தேகமாகத்தான் வாங்குவார்கள், அப்புறம் இரண்டாவது டம்ளர் கேட்பார்கள்.