பழைய பைக்க எம்ஓடிக்கு கொண்டு போறீங்களா? அதுக்கு முன்னாடி வீட்டுலயே இத பாத்துடுங்க

இங்கிலாந்துல பைக் வச்சிருக்கவங்களுக்கு வருஷம் ஒரு தடவ எம்ஓடி டெஸ்ட் உண்டு, அதாவது வண்டி ரோட்டுல ஓட தகுதியா இருக்கான்னு பாக்கற கட்டாய சோதனை. புது வண்டிக்கு முதல் 3 வருஷம் விட்டுடுவாங்க, அப்புறம் வருஷா வருஷம் போயே ஆகணும். ஊர்ல 15 வருஷத்துக்கு அப்புறம் ஆர்டிஓ ஆபீஸ்ல வண்டிய காட்டி ஆர்சிய புதுப்பிச்சா அடுத்த 5 வருஷம் நிம்மதின்னு பழகின நமக்கு இது கொஞ்சம் ஓவரா தெரியும். ஆனா பைக்குக்கு 29.65 பவுண்டுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு இருக்கு, அந்த காசுக்கு ஒருத்தர் வண்டிய மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்து சொல்றது என்னைக் கேட்டா லாபம்தான்.

"20 வருஷ வண்டி, பாஸ் ஆகாது, வித்துடு"ன்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க. டெஸ்டர் வயச பாக்கறதில்ல, கார் மாதிரி புகைய அளக்கற டெஸ்டும் பைக்குக்கு கிடையாது, அதனால இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்குதேன்னு பயப்பட வேண்டாம். பழைய வண்டி ஃபெயில் ஆகறது பெரும்பாலும் சில்லறை விஷயத்துல. நிறைய பழசு நல்லாவே தேறும், ஏன்னா ஓனர் உக்காந்து துடைச்சு பாத்துப்பாரு. எனக்கு தெரிஞ்சு மாட்டறது நடுவயசு வண்டிங்க, 90கள், 2000கள்ல வந்தது, மழையிலயும் பனியிலயும் தோட்டத்துல கவர் போட்டு கிடந்துட்டு டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் வெளிய வர்றது.

40 வருஷம் தாண்டி, பெருசா எதையும் மாத்தாம இருக்கற வண்டிக்கு 2018 மே மாசத்துலேர்ந்து எம்ஓடி கட்டாயம் இல்ல. நம்ம திருவொற்றியூர் புல்லட்ட 1977லேர்ந்து இங்க ஏற்றுமதி பண்ணாங்க, அந்த ஆரம்ப கால வண்டியெல்லாம் இப்ப இந்த கணக்குல வந்துடுச்சு, 90கள்ல வந்த புல்லட்டு இன்னும் வருஷா வருஷம் போகணும். விலக்கு இருந்தாலும் வண்டி ரோட்டுக்கு தகுதியா இருக்கணும்ங்கறது சட்டம், அதனால நானா இருந்தா காசு கட்டி காட்டிட்டு வந்துடுவேன்.

சரி, எங்க ஆரம்பிக்கறது? முதல்ல அரசாங்க வெப்சைட்ல நம்பர போட்டு பழைய எம்ஓடி ஹிஸ்டரிய பாருங்க, 2005லேர்ந்து இருக்கும், எது ஃபெயில் ஆச்சு, எதுக்கு அட்வைசரி (ஃபெயில் இல்ல, ஆனா கவனிச்சுக்கோன்னு சொல்ற எச்சரிக்கை) குடுத்தாங்கன்னு எல்லாம் வரும். போன வருஷ அட்வைசரிதான் இந்த வருஷ ஃபெயில், இத பாக்காம போறவங்கதான் அதிகம். பழைய வண்டி வாங்கப் போறவங்களும் இத பாத்துட்டு விலை பேசுங்க. எம்ஓடி முடியறதுக்கு ஒரு மாசத்துல ஒரு நாள் குறைச்சு, அவ்வளவு முன்னாடியே டெஸ்ட் பண்ணிக்கலாம், பழைய தேதி மாறாது. அதனால கடைசி நாள் வரைக்கும் இழுக்காதீங்க, பார்ட்ஸ் வர்றதுக்கு டைம் வேணும்.

லைட்டுலதான் நிறைய பேர் கோட்ட விடறாங்க. எல்லா சுவிட்சையும் போட்டு பாருங்க. பிரேக் லைட்ட ஃப்ரன்ட் லீவர தனியா புடிச்சு ஒரு தடவ, பின் பெடல தனியா மிதிச்சு ஒரு தடவ பாக்கணும். 1986 ஏப்ரல் 1க்கு அப்புறம் ரோட்டுக்கு வந்த வண்டின்னா ரெண்டுலயும் எரியணும், அதுக்கு முந்தினதுக்கு ஒண்ணுல எரிஞ்சா போதும். பின் பெடல் சுவிட்ச் ஒரு சின்ன ஸ்ப்ரிங்ல தொங்கிட்டு இருக்கும், தண்ணி பட்டு பட்டு உள்ள இறுகிடும், மிதிச்சா எரியாது, இல்ல எரிஞ்சா அணையாது. புதுசு மாட்டினாலும் பெரிய செலவு இல்ல. இண்டிகேட்டர் போடும்போது டெயில் லைட்டும் சேர்ந்து மினுக்குச்சுன்னா பல்ப மாத்தி பிரயோஜனம் இல்ல, எர்த் ஒயர் துரு புடிச்சிருக்கு, போல்ட்ட கழட்டி பேப்பர் போட்டு தேச்சு மாட்டுங்க. ஐரோப்பாவுலேர்ந்து கொண்டு வந்த வண்டின்னா ஹெட்லைட் டிம் வலது பக்கம் சாயும், இங்க அது ஃபெயில்.

அடுத்து கோன்செட்டு, அதாவது ஹேண்டில் பார் திரும்பற இடத்துல இருக்கற பேரிங். சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்த தூக்கிடுங்க, ஹேண்டில் பார ஒத்த விரலால மெதுவா இந்த கடைசிலேர்ந்து அந்த கடைசி வரைக்கும் தள்ளுங்க. நேரா வரும்போது ஒரு இடத்துல லேசா குழியில விழுந்த மாதிரி நின்னு நகருதா, பால் உக்காந்து கப்புல பள்ளம் போட்டுடுச்சு, மாத்தத்தான் வேணும். அப்புறம் ஃபோர்க்க கீழ புடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க, டொக்குன்னு ஆடினா ப்ளே இருக்கு. சில பேர் ப்ளே தெரியக் கூடாதுன்னு நட்ட இறுக்கி வச்சுட்டு போவாங்க, ஹேண்டில் பார் டைட்டா திரும்பும், அதுக்கும் டெஸ்டர் ஃபெயில் போடுவாரு, அவங்க பாக்காத வித்தையா.

சக்கரம் தூக்கியிருக்கும்போதே வீல் பேரிங் ஆட்டம், ஸ்போக் லூஸ் எல்லாம் பாத்துடுங்க. ஸ்போக்க ஒவ்வொண்ணா ஸ்பானரால தட்டினா லூஸா இருக்கறது மட்டும் மொக்கையா சத்தம் போடும். ஃபோர்க் சீல் கிட்ட ஆயில் கசிஞ்சிருந்தா துடைச்சுட்டு போய் தப்பிக்க பாக்காதீங்க, டெஸ்டர் நாலு தடவ அமுக்கினா திரும்ப வந்துடும். பின்பக்கம் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்த புடிச்சிருக்கற கை) புஷ் பக்கவாட்டுல ஆடுதான்னும் பாருங்க.

பிரேக் டெஸ்ட் பெரும்பாலும் ரோலர்ல. வண்டியும் ஓட்டறவரும் சேர்ந்த எடையில ஒரு பிரேக் 30 சதவீதமாவது இழுக்கணும், இன்னொண்ணு 25. நல்லா வச்சிருந்த பழைய டிரம் பிரேக்கே இத தாண்டிடும், ஷூ பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சுன்னாதான் பிரச்சனை, கழட்டி லேசா தேச்சு, கேபிளுக்கு ஆயில் விட்டு, அட்ஜஸ்ட் பண்ணிடுங்க. டிஸ்க் வண்டிக்கு வேற வில்லன், குளிர்காலத்துல ரோட்டுல போடற உப்பு. காலிப்பர் பிஸ்டன் மாட்டிக்கும். லீவர புடிச்சு விட்டதும் சக்கரம் ஃப்ரீயா சுத்தணும், தேய்ச்சுக்கிட்டு நின்னா கழட்டி க்ளீன் பண்ணுங்க.

டயர் 50 சிசிக்கு மேல உள்ள வண்டிக்கு அகலத்துல முக்கால் பங்குக்கு 1 மில்லிமீட்டர் பட்டன் இருக்கணும். பட்டன் நிறைய இருந்தும் பழசாகி வெடிச்சு உள்ள நூல் தெரிஞ்சா அதுவும் போச்சு. செயின் ரொம்ப தொங்கவும் கூடாது, விறைப்பாவும் கூடாது, கார்டு இருக்கணும். சைலன்சர்ல ஓட்டை இருந்தா அடைங்க. ரேஸ் ட்ராக்குக்கு மட்டும்னு முத்திரை குத்தின சைலன்சர் மாட்டியிருந்தா சத்தமே வராட்டியும் ஃபெயில்தான், ஒரிஜினல தேடி மாட்டுங்க. ஹாரன், ஃபுட்ரெஸ்ட், நம்பர் பிளேட் எல்லாம் ஒரு பார்வை போதும்.

டெஸ்ட் அன்னிக்கு வண்டிய கழுவிட்டு போங்க, ரொம்ப அழுக்கா இருந்தா டெஸ்ட் பண்ண மாட்டேன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கு. எம்ஓடி முடிஞ்சு போன வண்டின்னா முன்கூட்டியே புக் பண்ணின டெஸ்டுக்கு மட்டும் ஓட்டிட்டு போகலாம், இன்சூரன்ஸ் இருக்கணும். மத்தபடி எம்ஓடி இல்லாம ஓட்டினா 1000 பவுண்டு வரைக்கும் ஃபைன்.

ஃபெயில் ஆயிட்டா பேப்பர்ல எந்த வகைன்னு பாருங்க. டேஞ்சரஸ்னு இருந்தா ஓட்டவே கூடாது, வேன்ல ஏத்திட்டுதான் வரணும். மேஜர் மட்டும்னா, பழைய எம்ஓடி தேதி இன்னும் பாக்கி இருந்து, வண்டியும் ரோட்டுல போற நிலைமையில இருந்தா வீட்டுக்கு கொண்டு போகலாம். அங்கயே விட்டு ரிப்பேர் பண்ணினா 10 வேலை நாளுக்குள்ள ரீடெஸ்ட்டுக்கு தனியா காசு இல்ல, வெளிய கொண்டு போய் சரி பண்ணிட்டு அதே 10 நாளுக்குள்ள வந்தா பாதிக் கட்டணம் வரைக்கும் கேப்பாங்க. டெஸ்டர் தப்பா ஃபெயில் போட்டாருன்னு உறுதியா தெரிஞ்சா 14 வேலை நாளுக்குள்ள விடி17 ஃபார்ம் போட்டு அப்பீல் பண்ணலாம், ஆனா அது முடியற வரைக்கும் அவர் சொன்ன பார்ட்ட கழட்டவோ மாத்தவோ செய்யாதீங்க, மறுபடி பாக்க வர்றவருக்கு பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது.