மீன் மேலே வந்தால் முதலில் வாயைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிப் பிள்ளைகள் பாதிப் பேர் மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள். “அன்ரி, மீன் அடிக்கடி மேலே வருது, சாகப் போகுதா?” என்றுதான் ஓடி வருவார்கள். அது எப்படி மேலே வருகிறது என்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

கவுராமியும் பைட்டரும் சட்டென்று ஏறி, ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு உடனே கீழே போய்விடும். போகும்போது செவுள் மூடியோரம் சின்னக் குமிழி கழன்று வருவதும் உண்டு. அது உள்ளே இருந்த பழைய காற்று. செவுளுக்கு மேலே, தலைக்குள் அதற்கென்றே ஓர் அறை இருக்கிறது. மடிப்பு மடிப்பான மெல்லிய எலும்புத் தகடுகள், அவற்றின்மேல் இரத்தக் குழாய் நிறைந்த தோல். ஒட்சிசன் அந்த வழியாக இரத்தத்தில் சேரும். அத்திடிய சதுப்பு மாதிரி இலைதழை அழுகும் தண்ணீரில் பனையேறிக் கெண்டை பிழைப்பதும் இப்படித்தான். விராலுக்கும் தலைக்குள் காற்றறை உண்டு. மேலே வர விடாமல் தடுத்தால் இவை இரண்டும் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

ஆனால் கப்பியோ தங்கமீனோ தண்ணீர் மட்டத்தில் வாயை ஒட்டிக்கொண்டு, செவுள் படபடக்க அப்படியே நின்றால் ஆபத்து. காற்றோடு ஒட்டிய மேல் படையில்தான் கொஞ்சம் ஒட்சிசன் மிஞ்சியிருக்கிறது. 20 பாகைத் தண்ணீரில் லீற்றருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும். நம் ஊர் 30 பாகையில் ஏழரைதான். இரவில் செடிகளும் அதை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் அதிகம் திணறும். மிச்சத் தீனியை அள்ளுங்கள், முதல்நாள் பிடித்து வைத்த தண்ணீரால் கால்வாசி மாற்றுங்கள், பம்பைப் போடுங்கள். கரண்ட் இல்லையா? 2022 மின்வெட்டு நாட்களில் நான் குவளையால் தொட்டித் தண்ணீரையே அள்ளி, ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பேன். நன்றாக உதவும்.

காற்றைச் சுவாசிக்கிறதே என்று பைட்டரைக் கண்ணாடிக் குவளையில் அழுக்குத் தண்ணீரோடு விடாதீர்கள், தயவுசெய்து. காபனீரொட்சைட்டும் அமோனியாவும் பெரும்பாலும் செவுள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தண்ணீர் கெட்டால் செவுளும் கெடும்.

தொட்டிக்கு மூடி போடுங்கள், ஆனால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி வேண்டும். அப்புறம், கவுராமிக் குஞ்சுகளுக்குப் பிறந்த முதல் சில வாரங்கள் அந்த அறை வளர்ந்திருக்காது. அதுவரை பம்பை மெதுவாக ஓட விடுங்கள்.